ஏற்பு ஊசியும் முதியோரும்

ஏற்புவலி என்றவுடன் நம்மிற் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது துருப்பிடித்த ஆணியே. துருவுக்கும் இந்நோய்க்கும் நேரான உறவு யாதுமில்லை என்பதை முதலிற் கூறிவிடுதல் நன்று. நோயை விளைப்பது மண்ணிலும் சாணத்திலும் தூசியிலும் வாழும் ஒரு நுண்கிருமி. வித்து வடிவிற் பல்லாண்டு உறங்கிக் கிடக்க வல்ல அது, ஆழத் துளைத்த காயத்தில், பிராணவாயு எட்டாத இடத்தில் விழித்தெழுந்து நஞ்சைச் சுரக்கின்றது. அந்நஞ்சு நரம்பின் வழியே சென்று, இறுகிய தசை மீண்டுந் தளராதபடி தடுக்கின்றது. பெரும்பாலும் காயம்பட்ட மூன்று நாள் முதல் மூன்று வாரத்துள் தாடை இறுகும்; பின்னர் முதுகு வில்லென வளையும்; மூச்சுத் தசைகள் பற்றப்படின் உயிர்க்கே இறுதியாம். தமிழகத்தார் இதனை இரணசன்னி என்பர்.

1889ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் கிற்றசாற்றோ, பேர்லின் நகரில் இக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். அடுத்த ஆண்டு அவரும் பேறிங் என்பாரும் நஞ்சை முறிக்கும் ஆற்றல் குருதியில் உண்டாதலைக் காட்டினர். நஞ்சின் கொடுமையை நீக்கி அதனையே தடுப்பு மருந்தாக ஆக்கும் முறை 1920களிற் கைவந்தது. இன்று இடப்படும் ஊசி அதன் வழிவந்ததே.

இந்நோய்க்குரிய இரு தனியியல்புகளை ஆசிரியன் என்ற முறையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அம்மை போன்ற நோய்களில் ஊரார் பலரும் ஊசி போட்டுக்கொண்டால் போடாத ஒருவரும் ஓரளவு காக்கப்படுவர். ஏற்போ ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றுவதன்று, மண்ணிலிருந்து வருவது. ஆகவே அயலார் போட்ட ஊசி நமக்கு உதவாது. இரண்டாவது, இந்நோய் கண்டு பிழைத்தவர்க்கும் அதனால் எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை. கொல்லப் போதிய நஞ்சின் அளவு அத்துணைச் சிறிது. பிழைத்தவரும் ஊசி போட்டே ஆகவேண்டும்.

சென்ற ஆண்டு கொட்டாஞ்சேனையில் வாழும் என் பெரியப்பா, பின்முற்றத்திற் பழைய பலகையொன்றை அகற்றுகையில் ஆணியொன்று பாதத்தில் ஏறியது. உப்புநீரிற் கழுவி மஞ்சள் பூசி, காரியம் முடிந்தது என்றிருந்தார். நான் வெள்ளவத்தையிலிருந்து போய், "பெரியப்பா, வெளிக்கிடுங்கோ" என்று வற்புறுத்தி அரசினர் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன். அவர் ஓய்வுபெற்ற அரசாங்க எழுதுவினைஞர், தாள்களில் நம்பிக்கையுள்ளவர். காப்புறுதிப் பத்திரங்களை ஒரு கோவையிலிட்டுக் கையோடு கொண்டுவந்தார். தாதி அதனைப் பார்த்து, "இதற்குக் காப்புறுதி வேண்டாம் ஐயா, கடைசியாக எப்போது ஏற்பு ஊசி போட்டீர்கள்?" என்று வினவினார். பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். நாள், தேதி பற்றிய எவ்வினாவுக்கும் அவர் பார்ப்பது பெரியம்மாவைத்தான். ஆனால் பெரியம்மா தம் ஊசிகளையே அறிவார். பிள்ளைப்பேற்றுக் காலத்து அட்டை இன்னும் அலுமாரியிலுண்டு. பெரியப்பாவுக்கு எழுபதைக் கடந்த ஆயுளில் ஓர் ஊசியேனும் போட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இது அவரொருவரின் கவனக்குறைவன்று. குழந்தைகளுக்கு முக்கூட்டுத் தடுப்பூசி இலங்கையிற் புகுத்தப்பட்டது 1961இல். கருவுற்ற தாய்மார்க்கு ஏற்பு ஊசி தொடங்கியது 1969இல். விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் வந்தது 1978இல். 1961க்கு முன் பிறந்த ஆண்கள், படையிற் சேர்ந்தோ காயம்பட்டோ ஊசி பெற்றிருந்தாலன்றி, இவ்வலையின் கண்களூடே நழுவியவர்கள். பெண்கள் தாய்மையினாற் காக்கப்பட்டார்கள். இன்று பிள்ளைகளுக்கு ஏழாந் தரத்திற் பாடசாலையிலேயே ஊசி இடப்படுகின்றது. அதற்குப்பின், தாய்மைக் காலம் நீங்கலாக, காயமின்றி இருக்கும் முதியவரை அழைத்து ஊசியிடும் ஒழுங்கு தேசிய அட்டவணையில் இல்லை. காயத்தோடு சென்றால் அரசினர் வைத்தியசாலையிற் பணமின்றி ஊசி உண்டு. முள்ளை மறந்தும் கீறலை மதியாமலும் வீட்டிலிருப்பவரே ஆபத்துக்குள்ளாவார்.

காப்புறுதியுள்ள நாடுகளில் இக்கதை வேறு விதமாக ஓடியது. ஐக்கிய அமெரிக்காவில் முதியோர்க்கான மெடிகேயர் என்னும் அரச காப்புறுதி 1965இற் சட்டமாயிற்று. ஆணி குத்தியபின் இடும் ஏற்பு ஊசிக்கு அதன் வைத்தியப் பிரிவு பணங்கொடுக்கும். குத்துமுன் இடும் ஊசியோ மருந்துப் பிரிவைச் சாரும். இலக்கணத்தில் இறந்தகாலமும் எதிர்காலமும் போல ஒரே மருந்து இரு விதிகளுக்கு உட்பட்டது. மருந்துப் பிரிவில் முதியவர் தம் பங்காகவும் பணஞ் செலுத்த நேர்ந்தது. 2022இல் இயற்றிய பணவீக்கக் குறைப்புச் சட்டத்தால், 2023 சனவரி முதலாக, மருந்துப் பிரிவிலுள்ள முதியோர்க்கு இவ்வூசிக்குப் பங்குப்பணம் இல்லை. நம் பழைய மாணவர் பலர் குடியேறிய கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திற் பத்தாண்டுக்கொருமுறை இடும் ஊசி பொதுச் செலவிலேயே கிடைக்கின்றது. அங்குள்ளோர் இம்மலரைப் படிக்கையில் தம் அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாக.

காப்புறுதி என்பது எதிர்பாராப் பெருஞ்செலவைப் பலரும் பகிர்ந்து சுமக்கும் ஏற்பாடு. ஊசியோ எதிர்பார்த்துச் செய்யும் சிறு செலவு. எனவே அதனைக் கணக்கில் விட்டுவிடுதல் காப்புறுதியாளர்க்கு எளிது. ஏற்பு கண்டவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவிற் பல கிழமை வைத்துக் காக்கும் செலவோடு ஒப்பிடின் ஊசியின் விலை ஒரு துளி.

இதுவரை ஊசி போடாத முதியவர்க்கு மூன்று ஊசிகள் வேண்டும்: முதலாவதன் பின் குறைந்தது நான்கு கிழமை சென்று இரண்டாவது, அதன்பின் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் மூன்றாவது. பின்னர்ப் பத்தாண்டுக்கொன்று போதும் என்பது பல நாடுகளின் வழக்கம். அழுக்கேறிய ஆழ்காயமாயின், கடைசி ஊசி போட்டு ஐந்தாண்டு கடந்திருப்பினும் மீண்டும் ஒன்று இடுவர். முன் ஊசி பெறாதவர்க்கு அத்தகைய காயத்தில் ஆயத்தமான எதிர்ப்புப்பொருளும் உடன் தேவைப்படும். புதிய ஊசி பயன்தரச் சில கிழமை செல்லுமாதலின். இவற்றை வைத்தியரே முடிவு செய்வார்.

பெரியப்பாவை இரண்டாம் ஊசிக்கு அழைத்துச் செல்வதே எனக்குப் பெரும்பாடாயிற்று. "காயம் ஆறிப் போச்சுது தம்பி, இனி எதற்கு?" என்பதே அவர் வாதம். அடுத்த ஆணிக்கு என்றேன். சிரித்தார், வந்தார். மூன்றாவதன் நாளைப் பெரியம்மா சமையலறை நாட்காட்டியிற் சிவப்பு மையால் வட்டமிட்டு, தம் பழைய அட்டையோடு அவருடைய புதிய அட்டையையும் அலுமாரியில் வைத்திருக்கிறார்.