தாருக்கு பெரிய மட் டயர் போடப் போறீங்களா? லிஃப்ட் கிட் மட்டும் போதாது... ஏன் தெரியுமா?

மஹிந்திரா தார் டெலிவரி எடுத்த கையோடு பலர் நேராகப் போவது ஆக்சஸரீஸ் கடைக்குத்தான். வண்டியை 2 இன்ச் தூக்கும் லிஃப்ட் கிட், கூடவே பெரிய பெரிய பட்டன் வைத்த மட் டெரெய்ன் டயர். பார்க்க கம்பீரம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் லிஃப்ட் கிட் ஏற்படுத்தித் தருவது டயருக்கான இடத்தை மட்டுமே. பிரேக், கியர், ஸ்பீடோமீட்டர் எல்லாம் கம்பெனி கொடுத்த டயருக்குக் கணக்குப் போட்டு வைத்தவை.

உயரம் எவ்வளவு கூடும்?

2020-ல் வந்த தாரின் எல்எக்ஸ் மாடலில் இருப்பது 255/65 R18 டயர். 255 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 65 சதவீதம். 18 என்பது ரிம் அளவு, இன்ச்சில். கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் சுமார் 789 மி.மீ.

கடைகளில் '33 இன்ச்' என்று விற்கப்படும் 285/65 R18 டயரின் உயரம் சுமார் 828 மி.மீ. வித்தியாசம் 39 மி.மீ. ஆனால் வண்டிக்குக் கீழே கூடுவது அதில் பாதி, அதாவது 2 சென்டிமீட்டருக்கும் குறைவு.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. லிஃப்ட் கிட் பாடியைத்தான் தூக்கும். பின்னால் இருக்கும் ஆக்ஸில், அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் எதையும் தூக்காது. கல்லில் முதலில் இடிப்பது அதுதான். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. லிஃப்ட் போட்டும் அடியில் இடிக்குதே என்று புலம்புபவர்களுக்கு இதுதான் பதில்.

எங்கே உரசும்?

சமதளத்தில் நிறுத்திப் பார்த்தால் இடம் தாராளமாகத் தெரியும். ஸ்டியரிங்கை முழுசா திருப்பி, ஒரு பக்கச் சக்கரம் கல் மேல் ஏறும்போதுதான் உண்மை தெரியும். சஸ்பென்ஷன் அமுங்கும்போது டயர் மேலே போய் வீல் ஆர்ச்சிலோ, பம்பரின் பின் முனையிலோ உரசும். 285 டயருக்கு ரிம் குறைந்தது 8 இன்ச் அகலம் வேண்டும். அதற்காக வெளியே தள்ளி நிற்கும் ரிம் போட்டால் உரசல் இன்னும் கூடும். முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் என்பதால், அதிகம் தூக்கினால் டிரைவ் ஷாஃப்ட் நிற்கும் கோணமும் மாறும். ஜாயின்ட் சீக்கிரம் தேயும்.

மீட்டர் சொல்வது பொய்யாகும்

புது டயர் பழையதை விட 5 சதவீதம் பெரியது. அதனால் மீட்டர் கணக்கில் 100 கி.மீ. வேகம் என்றால் வண்டி உண்மையில் ஓடுவது 105. கிலோமீட்டர் கணக்கும் அப்படியே. 1,000 கி.மீ. ஓடினால் மீட்டரில் ஏறுவது சுமார் 953 மட்டுமே. 'டயர் மாத்தினதும் மைலேஜ் விழுந்துடுச்சு' என்பதில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிழைதான். மீதி, டயரின் எடையும் உருளும்போது வரும் இழுவையும் சேர்ந்து குடிக்கும் டீசல்.

மழை ரோட்டில்தான் ஆபத்து

மட் டயரின் பட்டன்களுக்கு நடுவே அகலமான இடைவெளி இருக்கும். சேறு ஒட்டிக்கொள்ளாமல் சுழலும்போதே வெளியே வீசப்படுவதற்காக அந்த அமைப்பு. சேற்றில் அது வரம். தார் ரோட்டில் அதே இடைவெளியால் ரப்பர் தரையைத் தொடும் பரப்பு குறையும். நனைந்த ரோட்டில் பிரேக் அடித்தால் வண்டி நிற்க கூடுதல் தூரம் எடுக்கும். டயரும் கனம், வட்டமும் பெரிது என்பதால் அதே பிரேக் அதிகம் உழைக்க வேண்டும். லிஃப்ட் போட்ட வண்டிக்கு ஈர்ப்பு மையம் வேறு மேலே போயிருக்கும். மலைப்பாதை வளைவில் சட்டென்று ஒடித்தால் கவிழும் வாய்ப்பு அதிகம். ஏபிஎஸ் இருக்கே என்று கேட்கலாம். அதுவும் கம்பெனி டயருக்கு செட் செய்யப்பட்டதுதான்.

ஸ்டெப்னியை மறந்துவிடுவதும் சகஜம். 4 டயரை மாற்றிவிட்டு பழைய ஸ்டெப்னியோடு காட்டுக்குள் போய், பஞ்சர் ஆன இடத்தில் அதை மாட்டி 4x4 போட்டால், அளவு வேறுபாட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத்தான் அடி. பெரிய ஸ்டெப்னி வாங்கினால் பின்கதவின் கீல் அந்தக் கனத்தைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம் என்றால் விபத்து கிளெய்ம் சிக்கலாகவும் வாய்ப்பு உண்டு.

சேறு பார்ப்பது வருஷத்தில் இரண்டு தடவை, மற்ற நாளெல்லாம் ஹைவே என்றால், அதே 255/65 R18 அளவில் நல்ல ஆல் டெரெய்ன் டயர் போதும். கம்பெனி ரிம்மிலேயே உட்காரும். மீட்டரும் மாறாது.