களக் குறிப்புகளைப் பகுத்தாய ஓர் உரைத் தொகுப்பி

நமது மதிப்பீட்டறிக்கைகளில் எண்களுக்குக் குறைவில்லை. குறைவது மக்கள் கூறிய சொற்களே. 2019ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஊரகக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் குழாய் இணைப்பு, நாளொன்றுக்கு ஆளுக்கு 55 லிட்டர் நீர் என்பன அதன் இலக்குகள். ‘இணைப்பு உண்டா?’ என்ற வினாவுக்கு ‘உண்டு’ என்று குறித்துக்கொண்டு களப்பணியாளர் அடுத்த வீட்டுக்குச் சென்றுவிடலாம். ஆனால் அவ்வீட்டுப் பெண், “குழாய் இருக்கிறது, தண்ணீர் வரும் நேரத்தில் நான் வயலில் இருப்பேன், பிடித்து வைக்க மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்கிறேன்” என்று சொல்வாராயின், அது எந்தக் கட்டத்தில் அடங்கும்? இத்தகைய விடைகளை முறைப்படி ஆராய்வதே பண்புசார் ஆய்வின் பணியாகும்.

இவ்வாய்வின் அடிப்படை உத்தி குறியிடல் என்பதாகும். நேர்காணல் பதிவைப் பத்தி பத்தியாகப் படித்து, ஒவ்வொன்றிலும் புலப்படும் கருத்துக்கு ஒரு பெயர் சூட்டுகிறோம். மேற்கண்ட விடைக்கு ‘நீர் வரும் நேரம்’, ‘பெண் குழந்தையின் கல்வி’ என இரு குறிகள் பொருந்தும். பின்னர் ஒரே குறி பெற்ற பத்திகளை அருகருகே வைத்து ஒப்பிடுகிறோம். கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் வெளியிட்ட நூல், தரவிலிருந்தே கோட்பாட்டை உருவாக்கும் நெறியை விளக்கி இம்முறைக்குப் பெருமதிப்பு தேடித்தந்தது. அந்நாளில் கத்தரிக்கோலும் அட்டைகளுமே கருவிகள். 1980களிலிருந்து இதற்கெனத் தனி மென்பொருள்கள் தோன்றின; மேக்ஸ்கியூடிஏ, அட்லஸ்.டிஐ ஆகியவை ஜெர்மனியில் உருவாகி உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளன.

அவை திறன் மிக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் உரிமக் கட்டணம் மாணவர்க்கும் சிறு அலுவலகங்களுக்கும் சுமையே. இதனினும் பெரிய இடர் ஒன்றை நானே அனுபவித்திருக்கிறேன். ஓர் ஆய்வில் ஈராண்டு உழைத்துக் குறியிட்ட கோப்புகளை, உரிமம் காலாவதியான பின் எங்களால் திறக்கவே இயலவில்லை. இந்திய மொழிகளுக்கு இன்னோர் இன்னலும் உண்டு. குருதிதேவ் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட இந்திப் பதிவுகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற எழுத்துக் குவியலாகவே தோன்றும்.

இவ்விரு தொல்லைகளுக்கும் மாற்று, யூனிகோடு குறிமுறையில் அமைந்த எளிய உரைக் கோப்பாகும். 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன் என்னும் எழுத்துமுறை இவ்வகையினது. எந்த உரைத் தொகுப்பியிலும் அதனைத் திறக்கலாம். இத்தகைய கோப்புகளைக் கையாளும் அப்சிடியன் என்ற தொகுப்பிக்கு ‘குவாட்ரோ’ என்றொரு செருகுநிரல் உள்ளது.

அது செயற்படும் விதம் எளிது. நேர்காணல் ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. குறி ஒவ்வொன்றும் ஒரு கோப்பு. ஒரு பத்திக்குக் குறியிட்டதும், அப்பத்தியில் குறிக்கோப்புக்கான இணைப்பும், குறிக்கோப்பில் அப்பத்திக்கான மறு இணைப்பும் பதிவாகின்றன. ‘நீர் வரும் நேரம்’ என்ற கோப்பைத் திறந்தால், எத்தனை ஊர்களில் யார் யார் அதுபற்றிப் பேசினர் என்பதைக் காணலாம். குறியின் வரையறையையும் அங்கேயே எழுதி வைக்கலாம். எழுதியே தீர வேண்டும் என்பேன். செருகுநிரலே நாளை மறைந்தாலும் கோப்புகள் படிக்கத் தக்கனவாகவே இருக்கும்.

எனினும், எப்பத்திக்கு எக்குறி என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை. சொல்தேடல் இதற்கு ஈடாகாது. மேற்கண்ட பெண் ‘கல்வி’ என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை. ஆகவே இருவர் தனித்தனியே குறியிட்டு ஒப்பிடுவது நன்று. 100 பத்திகளில் இருவரும் தலைக்கு 20 பத்திகளுக்கு ஒரு குறியைத் தந்து, 80 பத்திகளில் ஒத்துப்போனதாகக் கொள்வோம். 80 விழுக்காடு என்று மகிழ்வதற்கில்லை. தற்செயலாகவே 68 விழுக்காடு ஒத்துப்போகக்கூடும். அதைக் கழித்துக் கணக்கிடும் கோஹனின் கப்பா அளவை (1960) 0.375 என்றே காட்டும். குறியின் வரையறை தெளிவாக இல்லை என்பதே இதன் பொருள். இக்கணக்கைத் தனியே போட்டுக்கொள்ள வேண்டும்.

பலர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் பணிபுரியவும், ஒளிப்படக் காட்சிகளை ஆராயவும் பெரிய மென்பொருள்களே ஏற்றவை. செருகுநிரல்கள் கணினிக் கோப்புகளை அணுகவல்லவை என்பதால், அலுவலகக் கணினியில் நிறுவுமுன் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் இசைவு வேண்டும். எளிய உரையை எவரும் படிக்கலாம் என்பது நன்மை மட்டுமன்று, ஆபத்தும் ஆகும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்திற்கொண்டு, பெயர்களுக்குப் பதிலாக எண்களை இட்டு, பெயர்ப்பட்டியலை வேறோரிடத்தில் பூட்டி வைத்தல் வேண்டும். சிற்றூர்களில் பெயரை நீக்கினாலும் ‘அங்கன்வாடிப் பணியாளர்’ என்ற ஒரு சொல்லே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனையும் கவனித்து மாற்றிய பிறகே முதற் குறியை இடத் தொடங்கலாம்.