செல்போன் கேமில் ரூ.30 லட்சம் அள்ளிய 'சோல்' அணி! 2 முறை தடையில் சிக்கி மீண்ட கதை

அனகாபுத்தூர்:
சாயங்காலம் ஆனால் போதும், அனகாபுத்தூர், பம்மல் தெருக்களில் பசங்க செல்போனும் கையுமாக உட்கார்ந்து விடுகிறார்கள். 'இது சோறு போடுமா?' என்று பெற்றோர் திட்டுவதும் வழக்கம். சிலருக்கு போட்டிருக்கிறது. அதில் ஒன்று மும்பை 'சோல்' அணி.

'மார்ட்டல்' என்ற நமன் மாத்தூர் 2018-ல் ஆரம்பித்த அணி இது. 2019 மார்ச்சில் ஐதராபாத்தில் நடந்த பப்ஜி இந்திய போட்டியில் முதலிடம் பிடித்து ரூ.30 லட்சம் தட்டிச்சென்றது. அதே ஆண்டு பெர்லின் உலக போட்டியிலும் களம் இறங்கியது.

தடை மேல் தடை

2020 செப்டம்பரில் பப்ஜிக்கு மத்திய அரசு தடை போட்டது. 2021-ல் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் கேம் திரும்பி வந்தது. 2022-ல் பி.எம்.பி.எஸ். பட்டத்தை சோல் வென்றது. ஆனால் அந்த ஜூலையிலேயே மறுபடியும் தடை! 2023 மே மாதம்தான் அனுமதி கிடைத்தது.

சோல் இடம்பெற்றுள்ள 'எஸ்8யுஎல்' நிறுவனம் 2025-ல் செஸ் பக்கமும் வந்தது. தமிழக கிராண்ட்மாஸ்டர் அரவிந்த் சிதம்பரத்தை ஒப்பந்தம் செய்தது.

எது சூதாட்டம்?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களுக்கு தடை விதித்தது. திறமையை காட்டும் இ-ஸ்போர்ட்ஸ் போட்டிக்கு அங்கீகாரம் தந்தது. எனவே, 'பணம் கட்டு, இரட்டிப்பாகும்' என்று எந்த ஆப் கூப்பிட்டாலும் உஷார்! அது விளையாட்டு அல்ல, சூதாட்டம்.