ரவுட்டருக்கும் ஒரு பூட்டு வேண்டும்

"நம்ம காம்பராவுல என்னா இருக்கு, கள்ளன் வர்றதுக்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. ஆனாலும் வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டிவிட்டுத்தானே போகிறோம்? வீட்டு மூலையில் இரவும் பகலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் இன்டர்நெட் ரவுட்டருக்கு மட்டும் பூட்டுப் போட மறந்துவிடுகிறோம்.

தோட்டத்துக்கு வரும் கடிதம் ஆபீஸ் வழியாக லயத்துக்கு வருவது நமக்குத் தெரியும். அதுபோல வீட்டுப் போன்கள் எல்லாவற்றின் செய்திகளும் ரவுட்டர் வழியாகத்தான் போய் வருகின்றன. அந்த இடத்தில் கள்ளன் உட்கார்ந்துகொண்டால், வங்கிப் பக்கத்தைத் தேடும் உங்களை அதைப் போலவே இருக்கும் பொய்ப் பக்கத்துக்கு அனுப்பிவிடலாம். பிள்ளையின் படிப்புக்காக எடுத்த இணைப்பு, சம்பளப் பணத்துக்கே வழிதிறந்துவிடும்.

கள்ளன் எப்படி உள்ளே வருகிறான்? ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்ட் உண்டு. ஒன்று வைஃபைக்கு. மற்றது ரவுட்டரின் செட்டிங்கை மாற்றுவதற்கு. இந்த இரண்டாவது பல பழைய ரவுட்டர்களில் 'அட்மின்' என்றே கம்பெனியிலிருந்து வரும். அது ஊருக்கே தெரிந்த சாவி. 2016-இல் 'மிராய்' என்ற கெட்ட புரோகிராம், இப்படிப்பட்ட 60 சொச்சம் பாஸ்வேர்ட்களை மாற்றி மாற்றிப் போட்டே உலகம் முழுவதும் இலட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. 2017 ஜூலையில் இந்தியாவின் பி.எஸ்.என்.எல். இணைப்புகளில் ஆயிரக்கணக்கான மோடம்கள் செயலிழந்தன. பாஸ்வேர்டை மாற்றும்படி அந்த நிறுவனமே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

நாம் செய்ய வேண்டியவை:

1. ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள லேபலைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கும் இலக்கம் இருக்கும். வைஃபையில் இருந்தபடி போனின் பிரவுசரில் அதை அடித்தால் செட்டிங் பக்கம் திறக்கும்.

2. அட்மின் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி வேண்டாம். புதியதைக் கொப்பியில் எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

3. வைஃபை பாஸ்வேர்டை அடுத்த வீட்டாருக்குக் கொடுப்பது உங்கள் விருப்பம். அட்மின் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

4. வைஃபை பாதுகாப்பு 'டபிள்யூ.பி.ஏ. 2' அல்லது '3' ஆக இருக்கட்டும். 'ரிமோட்' என்ற வசதியையும் 'டபிள்யூ.பி.எஸ்.' என்பதையும் அணைத்துவிடுங்கள்.

5. 'அப்டேட்' இருந்தால் போடுங்கள். கண்டுபிடித்த ஓட்டைகளை அடைப்பது அதுதான். ரவுட்டர் மிகப் பழையது, அப்டேட் வருவதில்லை என்றால், இணைப்புக் கொடுத்த கம்பெனியிடம் வேறு கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ரீசெட் பொத்தானைத் தெரியாமல் அழுத்திவிடாதீர்கள். பழைய பாஸ்வேர்ட் திரும்பி வந்துவிடும். சில இணைப்புகளில் இன்டர்நெட்டும் நின்றுபோகும். வங்கிப் பக்கத்தில் 'பாதுகாப்பில்லை' என்று போன் சொன்னால், அதற்கு மேல் ஒன்றும் அடிக்காமல் மூடிவிடுங்கள்.

இந்த வேலைக்குப் பத்து நிமிடம் போதும். தெரியாவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள்.