மின்கட்டணத்தைக் கூட்டுவது விளக்கா, வெந்நீரா?

நமது மலைநாட்டுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு நெருக்கமானது. கெஹெல்கமு ஓயாவையும் மஸ்கெலியா ஓயாவையும் கொண்டு இந்த நாட்டுக்கே மின்சாரம் வழங்கலாம் என்று பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அவர் கண்ட கனவு 1950ஆம் ஆண்டில் லக்ஷபான மின்நிலையமாக நனவாகியது. காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களும், 2012இல் தலவாக்கலையில் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டமும் நமது மாவட்டத்திலேயே உள்ளன. நம் மலைகளில் பெய்யும் மழைதான் கொழும்பு வீதிகளிலும் விளக்காக எரிகிறது.

ஆனாலும் மின்கட்டணப் பட்டியலைக் கண்டு கவலைப்படுவதில் நாம் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் உயர்ந்தது. அதன் பிறகு சில தடவை குறைந்தும் கூடியும் வருகிறது. கட்டணத்தைத் தீர்மானிப்பது நம் கையில் இல்லை. எத்தனை அலகு செலவழிப்பது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

"லைட்டை அணை, லைட்டை அணை" என்ற குரல் கேட்காத வீடு இல்லை. அது நல்ல பழக்கமே. ஆனால் நுவரெலியா போன்ற குளிர்ப் பிரதேசத்தில் கட்டணத்தைக் கூட்டுவது விளக்குதானா? உயர்தரத்தில் பௌதிகவியல் கற்பவள் என்ற வகையில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடையைத் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

ஓர் அலகு என்பது எவ்வளவு?

1000 வாற்று வலுவுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாவது ஓர் அலகு. எந்தக் கருவியின் அடியிலோ பின்புறத்திலோ அதன் வாற்று அளவு எழுதப்பட்டிருக்கும். அதை மணி நேரத்தால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் அலகு வந்துவிடும்.

9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்று தினமும் 5 மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 நாளைக்கு அது செலவிடுவது 1.35 அலகு மட்டுமே. நான்கு குமிழ்கள் எரிந்தாலும் மாதம் ஐந்தரை அலகுக்கு உட்பட்டதுதான்.

இனி ஒரு வாளி வெந்நீரைப் பார்ப்போம். ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை செல்சியஸால் சூடாக்க ஏறத்தாழ 4200 யூல் சக்தி வேண்டும். நமது ஊரில் குழாய்நீர் 15 பாகையளவில் இருக்கும். குளிப்பதற்கு அதை 40 பாகைக்குக் கொண்டுவர வேண்டும். 20 லீற்றர் வாளி ஒன்றுக்கு 21 இலட்சம் யூல் தேவை. ஓர் அலகு 36 இலட்சம் யூல் என்பதால் இது 0.58 அலகு. அதாவது, ஒரு மாதம் முழுவதும் ஒரு மின்குமிழ் குடிக்கும் மின்சாரத்தை இரண்டரை வாளிக்கும் குறைவான வெந்நீர் ஒரே நாளில் குடித்துவிடுகிறது. நால்வர் உள்ள வீட்டில் ஒவ்வொருவரும் தினமும் ஒரு வாளி வெந்நீரில் குளித்தால் மாதம் 70 அலகு!

அறுபது என்னும் படி

இந்த 70 என்ற எண் ஏன் முக்கியம்? வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு முறையில் கணக்கிடப்படுகிறது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30 அலகுக்கு ஒரு விலை, அடுத்த 30 அலகுக்குச் சற்றுக் கூடிய விலை. 60ஐத் தாண்டினால் அந்த மலிவான இரண்டு படிகளுமே இல்லாமல் போய்விடும். முதல் அலகிலிருந்தே கூடிய விலைதான்.

2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட விலைகளையே உதாரணமாக எடுப்போம். 60 அலகு செலவழித்த வீட்டுக்கு முதல் 30 அலகு 4 ரூபா வீதம் 120 ரூபா, அடுத்த 30 அலகு 6 ரூபா வீதம் 180 ரூபா. மொத்தம் 300 ரூபா. 61 அலகு செலவழித்த வீட்டுக்கு முதல் 60 அலகும் 11 ரூபா வீதம் 660 ரூபா, மிகுதி ஓர் அலகு 14 ரூபா. மொத்தம் 674 ரூபா. ஒரே ஓர் அலகு கட்டணத்தை இரட்டிப்புக்கும் மேலாக்கிவிட்டது. இதோடு மாதாந்த நிலையான கட்டணமும் அடுத்த படிக்கு ஏறிவிடும். விலைகள் அவ்வப்போது மாறலாம். எனவே உங்கள் வீட்டுக் கடைசிப் பட்டியலை எடுத்து, நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று இன்றே பாருங்கள். 60, 90, 120, 180 என்பவை கவனிக்க வேண்டிய எல்லைகள்.

வெந்நீரில் சேமிப்பது எப்படி?

இந்தக் குளிரில் வெந்நீரே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் முதியவர்களும் குழந்தைகளும் இருந்தால் அது அத்தியாவசியம். ஆனால் சூடாக்கும் நீரின் அளவைக் குறைக்கலாம். ஷவரைத் திறந்துவிட்டு நிற்பதைவிட வாளியில் அளந்து குளிப்பது சிக்கனம். கொஞ்ச நீரைக் கொதிக்க வைத்துப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் மின்சாரம் மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். கடைசியில் கிடைக்கும் நீரின் அளவும் சூடும் ஒன்றென்றால் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வெயில் இருக்கும் நாட்களில் வாளிகளில் நீரை நிரப்பி முற்றத்தில் வையுங்கள். 15 பாகையில் உள்ள நீர் வெயிலில் 22 பாகைக்கு வந்தால், 40க்குக் கொண்டுபோகும் செலவில் கால் பங்குக்கும் மேல் இலாபம். விறகடுப்பு உள்ள வீடுகளில் சமையல் முடிந்த தணலின்மேல் ஒரு பானை நீர் வைத்தால் செலவே இல்லை.

கேத்தலும் கவனிக்க வேண்டியது. இரண்டு கோப்பை தேநீருக்கு ஒரு லீற்றர் நீரை மேலதிகமாகக் கொதிக்க வைத்து ஆறவிடுகிறோம். நாளுக்கு நான்கு தடவை இப்படிச் செய்தால் மாதம் ஏறத்தாழ 11 அலகு வீண். அது எட்டு மின்குமிழ்களின் செலவு. வேண்டிய அளவு மட்டும் ஊற்றுங்கள். மிஞ்சினால் சுடுநீர்ப் போத்தலில் ஊற்றி வையுங்கள். சுபஹ் தொழுகைக்கு எழும்போது அதில் ஒரு லீற்றரை மூன்று லீற்றர் பச்சைத் தண்ணீரோடு கலந்தால், இருவர் வுழூச் செய்வதற்கு இதமான நீர் தயார். ஓடும் ஆற்றங்கரையிலும் நீரை விரயமாக்கக் கூடாது என்று கற்ற நமக்கு இது புதிய பாடமும் அல்ல.

நமது ஊர்ப் பருப்பு ஏன் வேகத் தாமதிக்கிறது?

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கு வளியமுக்கம் குறைவு. அதனால் நீர் 100 பாகையில் அல்ல, சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கடலையும் பருப்பும் வேக நேரமெடுப்பதற்கு இதுவே காரணம். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த சட்டியில் 94ஐத் தாண்டாது. நீர்தான் விரைவாக வற்றும், எரிவாயுதான் தீரும்.

ஆகவே கொதி வந்ததும் நெருப்பைக் குறைத்து மூடி போடுங்கள். கடலை, கௌபி போன்றவற்றை முதல்நாள் இரவே ஊற வையுங்கள். பிரஷர் குக்கர் உள்ளே அமுக்கத்தைக் கூட்டி நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. சமவெளியைவிட மலைநாட்டுச் சமையலறைக்கே அது அதிகம் பயன்படும். நோன்பு காலத்தில் ஸஹர் சமையலுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

வேறு சில வழிகள்

மழைக்காலத்தில் பாடசாலைச் சீருடை காய்வதில்லை. ஈரத்தை மின்னழுத்தியால் உலர்த்துவது பலருடைய வழக்கம். நீரை ஆவியாக்க மிகுந்த வெப்பம் வேண்டும். உடுப்பை அடுப்பங்கரைக்கு அருகில் கொடியில் போட்டு உலர்த்தி, வாரத்துக்கு உரியதை ஒரே தடவையில் அழுத்துங்கள்.

குளிர்சாதனப் பெட்டியின் குளிர்நிலையை நமது ஊரில் குறைந்த எண்ணில் வைத்தாலே பெரும்பாலும் போதும். சூடான கறியை ஆறவிட்டு வையுங்கள். கதவின் இறப்பர் பட்டி தளர்ந்திருந்தால் மாற்றுங்கள்.

2000 வாற்று அறை ஹீட்டர் தினமும் இரண்டு மணி நேரம் இயங்கினால் மாதம் 120 அலகு. அதற்கு முன் கதவின் அடியிலும் யன்னல் இடுக்கிலும் குளிர்காற்று புகாமல் துணியால் அடைத்துப் பாருங்கள். ஆனால் சிக்கனம் என்று நினைத்து மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைத்துவிடாதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

மின்மானியை வாசிப்போம்

இவை எல்லாவற்றுக்கும் முதற்படி மின்மானியை வாசிப்பது. எங்கள் வீட்டில் மஃரிப் தொழுத பின் தம்பி எண்ணை வாசிப்பான், நான் கொப்பியில் எழுதுவேன். எந்த நாளில் அலகு கூடியது, அன்று என்ன செய்தோம் என்று உம்மாவிடம் கேட்போம். இரண்டு மாதத்துக்குள் 70ஐத் தாண்டி வந்த எங்கள் எண்ணிக்கை 57இல் வந்து நின்றது. உம்மும்மாவின் வெந்நீரில் ஒரு சொட்டும் குறைக்கவில்லை. மிஞ்சிய பணத்தில் வாப்பா எங்களுக்குப் பயிற்சிப் புத்தகங்கள் வாங்கித் தந்தார்.

மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டில் மின்பாவனை உச்சமாக இருக்கும். அந்நேரத்தில் அழுத்துவதையும் தண்ணீர் சூடாக்குவதையும் தவிர்த்தால் நாட்டுக்கும் உதவியாகும்.

சிறு துளி பெரு வெள்ளம் என்பர். நமது நீர்த்தேக்கங்கள் நிறைவதும் அப்படித்தான். தோழியரே, இன்று மாலை ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு மின்மானிக்கு அருகே செல்லுங்கள். பெற்றோரே, பிள்ளை கேட்கும்போது சென்ற மாதப் பட்டியலை அவள் கையில் கொடுங்கள். மீதிக் கணக்கை அவள் பார்த்துக்கொள்வாள்.