நிலவில் ஒரு குடியிருப்பு: திட்டமிடலின் முதற் கணக்குகள்

திருப்பதி மாவட்டத்தின் பாகாலா மண்டலத்தில், குன்றுகள் சூழ்ந்த காதங்கி என்னும் சிற்றூரில், 1,024 ஆண்டெனாக்களைக் கொண்ட ரேடார் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த இந்த ரேடார், தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரம் வரையுள்ள காற்றடுக்குகளின் இயக்கத்தை அறிய உதவுகிறது. 2022ஆம் ஆண்டு மாவட்டச் சீரமைப்புக்குப் பின், ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளமும் இதே மாவட்டத்தில் அடங்கியுள்ளது. ஒன்று காற்றை ஆராயும் நிலையம். மற்றொன்று காற்றே இல்லாத நிலவிற்குக் கலங்களை அனுப்பிய நிலையம்.

2040ஆம் ஆண்டுக்குள் இந்தியர் ஒருவரை நிலவுக்கு அனுப்புவது என்னும் இலக்கை மத்திய அரசு 2023 அக்டோபரில் அறிவித்தது. நிலவுக்குச் சென்று திரும்புவது ஒரு பயணம். அங்கே தங்கி வாழ்வது ஒரு குடியேற்றம். பயணத்திற்கு ராக்கெட் போதும். குடியேற்றத்திற்குத் திட்டம் வேண்டும்.

காற்றின் இலவசச் சேவை

பூமியில் காற்று மனிதனுக்குச் செய்யும் பணிகள் பல. அது சுவாசத்திற்குப் பிராணவாயுவைத் தருகிறது, உடலுக்குத் தேவையான அழுத்தத்தைத் தருகிறது, விண்கற்களில் பெரும்பாலானவற்றை எரித்துவிடுகிறது, கதிர்வீச்சைத் தடுக்கிறது, பகலின் வெப்பத்தையும் இரவின் குளிரையும் மட்டுப்படுத்துகிறது. இவற்றுக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. நிலவிலோ இவை ஒவ்வொன்றும் திட்டச் செலவில் ஓர் இனமாகிவிடும்.

அங்கே ஒரு பகல் ஏறத்தாழ 14 பூமி நாட்கள், இரவும் அவ்வாறே. நடுக்கோட்டுப் பகுதியில் நண்பகல் வெப்பம் 100 டிகிரி செல்சியசைத் தாண்டும். இரவில் அது உறைநிலைக்குக் கீழே 100 டிகிரிக்கும் மேலாக இறங்கும். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3இன் கருவிகள் ஒரு நிலவுப் பகல் முழுவதும் செவ்வனே இயங்கின. இரவு கழிந்தபின் அவை மீண்டும் விழித்தெழவில்லை. குடியிருப்பு ஒன்று இத்தகைய இரவுகளை ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை கடந்தாக வேண்டும். தென்துருவத்தை ஒட்டிய சில மேடுகளில் சூரிய ஒளி நெடுநாள் நீடிப்பதே உலக நாடுகளின் கவனம் அப்பகுதியின்பால் திரும்பியதற்கு ஒரு காரணமாகும். அருகிலுள்ள நிரந்தர நிழற்பள்ளங்களில் பனிக்கட்டி இருப்பது மற்றொரு காரணம்.

சுமையின் விலை

சந்திரயான்-3ஐ ஏவிய வாகனத்தின் எடை சுமார் 640 டன். அது எடுத்துச் சென்ற கலத்தொகுதி சுமார் 3,900 கிலோகிராம். அதில் தரையிறங்கு கலம், எரிபொருளையும் சேர்த்து, 1,752 கிலோகிராம். இறுதியில் நிலவின் தரையில் உருண்டோடிய ஊர்தியின் எடை 26 கிலோகிராம் மட்டுமே. இந்த விகிதத்தை நோக்கும் எவரும், செங்கல்லையும் சிமெண்டையும் பூமியிலிருந்து கொண்டுசென்று வீடு கட்ட இயலாது என்பதை உணர்வர். கிடைக்கும் இடத்திலேயே கிடைக்கும் பொருளைப் பயன்படுத்துவது இங்கு வசதிக்காக அன்று, அதுவே நிபந்தனை.

மண்ணே கூரை

உள்ளூர்ப் பொருளில் முதலாவது நிலவின் தூள்மண். சந்திரயான்-3இன் வெப்பமானி மண்ணுக்குள் 10 செ.மீ. வரை செலுத்தப்பட்டது. 2023 ஆகஸ்டில் வெளியிடப்பட்ட அதன் முதல் அளவீடுகளின்படி, மேற்பரப்பில் 50 டிகிரி செல்சியசுக்கும் மேல் இருந்த வெப்பம், 8 செ.மீ. ஆழத்தில் உறைநிலைக்குக் கீழே சுமார் 10 டிகிரியாக இருந்தது. ஒரு சாண் ஆழத்துக்கும் குறைவான மண், அறுபது டிகிரி வேறுபாட்டைத் தாங்கி நிற்கிறது. இதே மண்ணைச் சில மீட்டர் கனத்திற்குப் போர்த்தினால் கதிர்வீச்சும் சிறு விண்கற்களும் தடுக்கப்படும்.

இவ்வளவு மண்ணைக் கூரை தாங்குமா என்னும் ஐயம் எழலாம். நிலவின் ஈர்ப்பு பூமியினதில் ஆறில் ஒரு பங்கு. மூன்று மீட்டர் கனமான மண் அங்கே ஒரு சதுர மீட்டரின் மீது பூமிக் கணக்கில் ஒரு டன்னுக்கும் குறைவாகவே அழுத்தும். ஆனால் வீட்டினுள் பூமியின் காற்றழுத்தத்தை வைத்திருந்தால் அது ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் பத்து டன் விசையுடன் வெளிநோக்கித் தள்ளும். எனவே அங்கே சிக்கல் கூரை இடிந்து விழுவதன்று. வீடு வெடித்துத் திறப்பதே. உள்ளே காற்றைத் தாங்கும் உறுதியான உறை, வெளியே மண் போர்வை என்னும் இரட்டை அமைப்பு இதனால்தான் பரிந்துரைக்கப்படுகிறது.

இத்துறையில் நம் நாட்டு ஆய்வுகளும் குறிப்பிடத்தக்கவை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடித்துச் செய்த செயற்கை மண் சந்திரயான்-2இன் சோதனைகளுக்குப் பயன்பட்டது. 2020இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் செயற்கை நிலவு மண்ணுடன் பாக்டீரியா, யூரியா, கொத்தவரைப் பிசின் ஆகியவற்றைச் சேர்த்துச் செங்கல் போன்ற கட்டிகளை உருவாக்கின. யூரியாவை மனிதக் கழிவிலிருந்தே பெறலாம் என்பது இம்முறையின் சிறப்பு. சந்திரயான்-1இன் படங்களிலிருந்து, கூரை இடியாத எரிமலைக் குழம்புக் குகை ஒன்றையும் நம் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். இயற்கை அமைத்த இத்தகைய கூரைகள் கட்டுமானச் செலவைக் குறைக்கக்கூடும்.

நீர்க் கணக்கு

சந்திரயான்-1இல் சென்ற அமெரிக்கக் கருவி, நிலவின் மண்ணில் நீரின் அடையாளங்கள் இருப்பதை 2009இல் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் அமெரிக்க ராக்கெட் பகுதி ஒன்று தென்துருவத்துக்கு அருகிலுள்ள கேபியஸ் பள்ளத்தில் மோதவிடப்பட்டபோது எழுந்த தூசியிலும் நீர் காணப்பட்டது.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒருவருக்குக் குடிக்கவும் உணவுக்கும் தூய்மைக்குமாக நாளொன்றுக்குச் சுமார் 3.8 லிட்டர் நீர் தேவைப்படுகிறது. நால்வருக்கு ஓராண்டுக்கு இது ஏறத்தாழ 5,500 லிட்டர். அந்நிலையத்தின் மறுசுழற்சி முறை 2023இல் 98 சதவீத மீட்பை எட்டியது. அதே அளவை நிலவிலும் எட்டினால் ஆண்டு இழப்பு சுமார் 110 லிட்டர் மட்டுமே. ஆயினும் இதே நீரைப் பிரித்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாக்கி ராக்கெட் எரிபொருளாகவும் பயன்படுத்தலாம். அவ்வாறு எரிந்த நீர் மீளாது. இருவரை இறக்கி ஏற்றிய அப்போலோ கலம் ஒவ்வொரு முறையும் பத்து டன்னுக்கும் மேற்பட்ட எரிபொருளைச் சுமந்தது. குடிநீர்த் தேவைக்கும் எரிபொருள் தேவைக்கும் இடையேயுள்ள இடைவெளியை இதனால் அறியலாம்.

மடை யாருடையது?

பாகாலாவை உள்ளிட்ட ராயலசீமை வறண்ட நிலம். அங்கே ஏரியை நம்பி வாழ்ந்த ஊர்கள், மடையை எப்போது திறப்பது, யாருக்கு எவ்வளவு என்பதற்கு முறை வகுத்துக்கொண்டன. மழை பெய்தால் ஏரி மீண்டும் நிரம்பும். நிலவின் நிழற்பள்ளங்களில் பனி சேர்ந்ததோ நெடும் யுகங்களில். மனிதன் எடுக்கும் வேகத்தில் அது மீண்டும் நிரம்பாது.

1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை எந்த நாடும் நிலவின்மீது உரிமை கொண்டாடுவதைத் தடை செய்கிறது. ஆனால் வெட்டியெடுத்த வளம் யாருக்குச் சொந்தம் என்பதை அது தெளிவாகக் கூறவில்லை. நிலவின் வளங்களை மனிதகுலத்தின் பொதுச் சொத்தாகக் கருதும் 1979ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் இந்தியா 1982இல் கையெழுத்திட்டது. எனினும் அதனை ஏற்புறுதி செய்யவில்லை. வளங்களை எடுத்துப் பயன்படுத்த இடமளிக்கும் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் 2023இல் இணைந்தது. இவ்விரு நிலைகளையும் இணைக்கும் விதிகளை வகுப்பதில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. உயிர்வாழ்வுக்கான நீரையும் எரிபொருளுக்கான நீரையும் தனித்தனியே ஒதுக்குதல், எடுத்த அளவை உலகறிய வெளியிடுதல், மறுசுழற்சியைக் கட்டாயமாக்குதல் ஆகியன அவ்விதிகளின் தொடக்கமாகலாம்.

ஜப்பானுடன் இணைந்து செயற்படுத்தப்படவுள்ள சந்திரயான்-5 திட்டம் துருவப் பகுதியின் நீரை ஆராயும். முதலில் அளவீடு, அடுத்து பங்கீட்டு விதி, அதன்பின் குடியேற்றம் என்னும் வரிசையே முறையானது. வரிசை மாறினால், முதலில் சென்றவர் மடையைத் தம் வசமாக்கிக்கொள்வர். பின்னர் வருவோருக்கு வறண்ட பள்ளமே எஞ்சும்.