கடைக்கு வந்ததெல்லாம் விற்றதாகுமா?
காமிக்ஸ் வியாபாரம் சொல்லும் மாதக் கணக்கு

மளிகையோடு வாரப் பத்திரிகையும் சிறுவர் புத்தகமும் வைத்து விற்ற பழக்கம் நம் பகுதி வணிகர்கள் பலருக்கு உண்டு. தேனி, போடி, சின்னமனூர், கம்பம் ஊர்களின் பேருந்து நிலையக் கடைகளில் காமிக்ஸ் புத்தகங்கள் கயிற்றில் தொங்கிய காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தச் சிறு வியாபாரத்தின் மாதக் கணக்கில் பருப்பும் பிஸ்கட்டும் விற்கும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

தமிழ் காமிக்ஸ் என்றாலே சிவகாசிதான். 1972-ல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யுடன் அங்கே தொடங்கியது. 1984-ல் அதே ஊரிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டில் தினத்தந்தி குழுமம் ராணி காமிக்ஸைத் தொடங்கியது. இவை எல்லா மாதமும் ஒரே அளவில் விற்கும் சரக்கல்ல. பரீட்சை முடிந்த கோடை விடுமுறையில் பிள்ளைகள் கையில் காசும் இருக்கும், நேரமும் இருக்கும். சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வரும் உறவினர் கொடுக்கும் காசும் சேரும். ஜூனில் பள்ளி திறந்தால் வீட்டுப் பணம் நோட்டுக்கும் சீருடைக்கும் போய்விடும். லயன் காமிக்ஸ் கோடை மலர், தீபாவளி மலர் என்று சிறப்பிதழ் போட்டதும் இந்தப் பருவங்களுக்குத்தான்.

எனவே மே மாத விற்பனையைப் பார்த்து ஜூனுக்குப் பிரதி கூட்டிக் கேட்பது ஆபத்து. ஜூனை மேயோடு ஒப்பிடக் கூடாது. போன வருட ஜூனோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்தது, விற்காமல் நிற்கும் பிரதி. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. புத்தக விலை 2 ரூபாய், கழிவு 25 சதவீதம் என்றால் 20 பிரதிக்கு நாம் கட்டுவது 30 ரூபாய். 14 பிரதி விற்றால் வரவு 28 ரூபாய். மீதி 6 பிரதியைத் திருப்பி எடுத்துக்கொண்டால் நமக்கு 7 ரூபாய் லாபம். எடுக்காவிட்டால் 2 ரூபாய் நஷ்டம். ஆனால் மொத்த வியாபாரியின் ஏட்டில் 20 பிரதியும் விற்றதாகவே நிற்கும்.

இந்தக் கணக்கு பெரிய அளவில் தவறிப்போனது அமெரிக்காவில். அங்கே காமிக்ஸ் மட்டும் விற்கும் தனிக்கடைகள் உண்டு. கழிவு அதிகம் கிடைக்கும். ஆனால் விற்காததைத் திருப்பித் தர முடியாது. 1991-ல் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட 'எக்ஸ்-மென்' முதல் இதழ் சுமார் 80 லட்சம் பிரதி போனது. ஒரே கதைக்கு ஐந்து விதமான அட்டை. பின்னால் விலை ஏறும் என்று நம்பி ஒருவரே பல பிரதி வாங்கி அடுக்கினார்கள். வாசகர் அத்தனை பேர் இல்லை. கடைகளிலும் கட்டுக்கட்டாகத் தேங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏராளமான கடைகள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது.

அங்கே டயமண்ட் என்ற பெரிய விநியோக நிறுவனம் மாதாமாதம் விற்பனைப் பட்டியல் வெளியிட்டு வந்தது. அது காட்டியது கடைக்குப் போன கணக்கு; வாசகன் வாங்கிய கணக்கல்ல. அந்த நிறுவனமும் 2025 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது.

நம் பக்கம் ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றது. லயன், முத்து காமிக்ஸ் 2012-ல் புது அமைப்பில் திரும்பி வந்தபோது, முன்பணம் கட்டும் சந்தாதாரரையும் புத்தகக் கண்காட்சியையும் பெரிதும் நம்பி நடந்தன. எத்தனை பேருக்குத் தேவை என்று தெரிந்து அச்சிடுவதால் தேக்கம் குறையும். ஆனால் பேருந்து நிலையக் கடைக்காரர் கைவிட்டுப் போனது அந்த வியாபாரம்.

இப்போது நம் கடைக்கு வருவோம். மாதக் கடைசியில் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி வந்து, "அண்ணாச்சி, இன்னும் நாலு பெட்டி போட்டுக்கங்க, டார்கெட் முடியணும்" என்பார். அது அவருடைய விற்பனை, நம்முடையது அல்ல. பழைய காமிக்ஸையாவது பாதி விலைக்குத் தள்ளலாம். காலாவதியான பிஸ்கட்டை என்ன செய்வது?

ஆகவே உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. மாத முதல் தேதி இருப்போடு அந்த மாதக் கொள்முதலைக் கூட்டி, கடைசி நாள் இருப்பைக் கழியுங்கள். அதுதான் உண்மையில் கடையை விட்டுப் போன சரக்கு. முக்கியமான 10 சரக்குக்காவது இதை எழுதுங்கள்.

2. பள்ளி விடுமுறை, திருவிழா, ஏலக்காய் எடுப்பு, நெல் அறுவடை ஆகியவற்றை அதே ஏட்டில் குறித்து வையுங்கள். மலைத் தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் கூலியாட்களுக்கு வேலை உள்ள மாதமும் இல்லாத மாதமும் நம் கல்லாவில் தெரியும்.

3. கூடுதல் கழிவு தருகிறார்கள் என்றால், திருப்பி எடுப்பார்களா என்று முதலில் கேளுங்கள். சம்மதித்தால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கழிவு கண்ணுக்குத் தெரியும் லாபம். தேங்கிய சரக்கு கண்ணுக்குத் தெரியாத கடன். மாதம் ஒரு நாள் ஏட்டோடு உட்கார்ந்தால் இரண்டும் தெரிந்துவிடும்.